பெரும்பான்மைக்கு இரண்டாவது வாக்கியம்

பெரிய சொற்களைச் சின்னப் பிள்ளைகளுக்குப் புரியும்படி எழுதுவதுதான் என் மனைவிக்கு வேலை. பள்ளிப் பாடநூல்கள் தயாராகும் அலுவலகத்தில், குடிமையியல் புத்தகத்தின் கடைசியில் வரும் சொற்பொருள் பக்கங்கள் அவளுடைய பொறுப்பு. அரசு, சட்டம், உரிமை, வரி, நீதிமன்றம் என்று எட்டு வயதுப் பிள்ளையின் வாயில் நுழையாத சொற்கள் அவளிடம் வரும். ஒவ்வொன்றுக்கும் இரண்டே வரி இடம். அதற்குள் சொல்லியாக வேண்டும்.

சின்ன வயதில் எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்டு, "அகராதி பிடிச்சவ" என்று பிறந்த வீட்டில் திட்டு வாங்கியவள் அவள். கடைசியில் அகராதி வேலையே கிடைத்துவிட்டது. பெற்றவர்கள் திட்டியது வீண்போகவில்லை என்று நான் கேலி செய்வதுண்டு. நான் பேருந்து ஓட்டுநர். என் வண்டியில் எழுதியிருக்கும் "கை, தலை நீட்டாதீர்" என்பதைக்கூட அவள் ஒருமுறை திருத்தப் பார்த்தாள். ஏன் நீட்டக் கூடாது என்று சொன்னால்தானே பிள்ளைக்குப் புரியும் என்பது அவள் கட்சி.

அவள் எழுதுவதை முதலில் கேட்பது எங்கள் சின்னவள். காலையில் அவளுக்குத் தலை வாரிப் பின்னும்போது, முந்தின நாள் எழுதியதை என் மனைவி வாய்விட்டுச் சொல்வாள். சின்னவள் பேசாமல் இருந்தால் அந்தச் சொல் தேறியது. "அப்படின்னா?" என்று கேட்டால் தேறவில்லை. பின்னலைப் போட்டு முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து எழுத உட்கார்வாள். இறையாண்மை என்ற சொல்லுக்கு மட்டும் எத்தனை "அப்படின்னா" விழுந்தது என்பது எனக்கு நினைவில்லை. ஒரு வாரம் எங்கள் வீட்டில் இறையாண்மையைத் தவிர வேறு பேச்சில்லை. கடைசியில், "வெளியிலிருந்து யாரும் வந்து அதட்ட முடியாத அதிகாரம்" என்று எழுதினாள். சின்னவள் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் அன்றுதான் புரிந்தது.

எழுதியதெல்லாம் ஒரு குழுவுக்குப் போகும். அதில் ஒரு பேராசிரியர் இருந்தார். நல்ல மனிதர், ஆனால் சொல்லுக்குச் சொல் நோண்டிப் பார்ப்பவர். வரி என்பதற்கு, "பொது வேலைகளுக்காக அரசு கேட்டு, நாம் கொடுக்கும் பணம்" என்று இவள் எழுதியிருந்தாள். அவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"கேட்டுன்னு போட்டா, இல்லைன்னும் சொல்லலாம்னு பிள்ளைங்க நினைச்சுக்கும்மா."

"ஐயா, அது தோணவே இல்ல எனக்கு," என்று இவள் தலையில் அடித்துக்கொண்டு மாற்றினாள். அவரிடமிருந்து திருத்தம் வந்தால் இரண்டு நாளுக்கு முகம் தொங்கும். மூன்றாம் நாள், "அவர் சொன்னதுதான் சரி" என்பாள்.

இதெல்லாம் அலுவலகத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு சொல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அதை வீட்டில் நடத்திப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய பழக்கம். குழு அகர வரிசையில் சொற்களைக் கட்டுக் கட்டாக அனுப்பும். எந்தச் சொல் வந்திருக்கிறதோ, அந்த வாரம் எங்கள் வீடு அந்தச் சொல்லாக மாறிவிடும். உரிமை வந்த வாரம், எங்கள் பெரியவள் விடுமுறை நாளில் தாமதமாக எழுந்திருப்பது தன் உரிமை என்று போர்வைக்குள்ளிருந்தே அறிவித்தாள். சலுகை வந்ததும், அது உரிமை இல்லை, சலுகைதான் என்று அவள் அம்மா போர்வையை உருவினாள். மனு வந்தபோது பிள்ளைகள் இரண்டும் எனக்கு மனு கொடுத்தே என்னை ஓய்த்துவிட்டார்கள்.

எதிர்க்கட்சி வந்த நாளைச் சொல்லியாக வேண்டும். "ஆட்சியில் இல்லாமல், ஆட்சியில் இருப்பவர்களைக் கேள்வி கேட்பவர்கள்" என்று இவள் படித்தாள். சின்னவள், "நம்ம தாத்தா மாதிரி," என்றாள்.

தாத்தா என்றால் என் அப்பா. நாங்கள் மாடியில் இரண்டு அறையில் குடியிருந்தோம். அப்பாவின் சைக்கிள் கடை அதே கட்டடத்தின் கீழே இருந்தது. வயதாகிவிட்டதென்று கடையை, தன்னிடம் வேலை பார்த்தவருக்கே கொடுத்துவிட்டார். ஆனாலும் காலையில் கண் விழித்ததும் இறங்கிப் போய்விடுவார். சக்கரத்தில் கோட்டம் எடுக்க அவரைவிட்டால் ஆள் கிடையாது என்று அவரே சொல்லிக்கொள்வார். புதுக் கடைக்காரரும் அதை மறுத்ததில்லை. மதியம் சாப்பிட மேலே வரும்போது கை நிறைய கிரீஸும், வாய் நிறைய குறையும் இருக்கும். குழாயில் தண்ணீர் ஒழுகுகிறது, பருப்பு வேகவில்லை, நான் திருப்பத்தில் வண்டியை ஒடித்து ஓட்டுகிறேன், பெரியவள் படிக்கும்போது காலை ஆட்டுகிறாள். பேத்தி பட்டம் கொடுத்த பிறகு கேட்க வேண்டுமா? "எதிர்க்கட்சி பேசுது, எல்லாரும் கேளுங்க," என்று அறிவித்துவிட்டே ஆரம்பிப்பார். என் மனைவி மட்டும் சளைக்காமல் பதில் சொல்வாள். மாமனாரும் மருமகளும் எதிரெதிரே உட்கார்ந்து வாதாடுவதைப் பார்த்தால், சாப்பாடு ஆறிப்போவதுகூடத் தெரியாது.

பிறகு வாக்கெடுப்பு வந்தது. தையல் பெட்டியிலிருந்து பொத்தான்களை எடுத்து, ஆளுக்கு ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு கொடுத்தாள். வெள்ளை என்றால் சரி, கறுப்பு என்றால் வேண்டாம். சர்க்கரை டப்பாவின் மூடியில் ஒரு கீறல் போட்டு, அதுதான் வாக்குப்பெட்டி என்றாள். கையை மூடிக்கொண்டு வந்து போட வேண்டும், யார் எதைப் போட்டார்கள் என்று கேட்கக் கூடாது. எந்தப் பக்கம் அதிகமோ அதுதான் முடிவு. சமையலறைக்கு என்ன நிறம் அடிப்பது, ஓய்வு நாளில் எங்கே போவது, வானொலியை எத்தனை மணிக்கு அணைப்பது எல்லாவற்றுக்கும் டப்பா குலுங்கியது. நான் தொடர்ந்து தோற்றேன். சமையலறை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காத மஞ்சளில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தக் கட்டுக்கு வாக்கெடுப்புதான் கடைசிச் சொல். அடுத்த கட்டு வரவேண்டிய நேரத்தில் பேராசிரியருக்குக் காய்ச்சல். கட்டு வரவில்லை.

அந்த இடைவெளியில்தான் வீட்டு விஷயம் வந்தது. என் மனைவியோடு வேலை பார்ப்பவர் வேறு ஊருக்குப் போகிறார். அவர் குடியிருந்த வீடு காலியாகிறது. பேருந்து முனையத்துக்குப் பக்கத்தில், மூன்று அறை, வெளிச்சமான வீடு. எங்களுக்கு அது எப்படிப்பட்ட விஷயம் என்று புரிய வேண்டுமானால், என் மனைவி எங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள் என்று தெரிய வேண்டும். துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல். இரண்டு அறையில் வேறு மேசை போட இடமில்லை. நின்றுகொண்டே எழுதுவாள். இயந்திரம் துணி பிழிய ஆரம்பித்தால் எழுத்து நடுங்கும். நீதிமன்றத்துக்கு அவள் எழுதிய முதல் பிரதியைப் பார்த்தால் நிலநடுக்கத்தில் எழுதியது என்றே சொல்வீர்கள். ஒரு மேசை, ஒரு நாற்காலி, மூடுவதற்கு ஒரு கதவு. கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் ஆசைப்பட்டுக் கேட்டது அவ்வளவுதான். என்னால் கொடுக்க முடியவில்லையே என்று எனக்கு உள்ளூர வருத்தம் இருந்தது.

வீட்டுக்காரருக்கு உடனே பதில் சொல்ல வேண்டும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் டப்பாவை நடுவில் வைத்தோம். வழக்கம்போல் ஆளுக்கு இரண்டு பொத்தான். வழக்கம்போல் கையை மூடிக்கொண்டு வந்து போட்டோம். தட்டில் கொட்டினால் எல்லாம் வெள்ளை, ஒன்றே ஒன்று கறுப்பு.

யார் கறுப்பு என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்தது.

"பெரும்பான்மை," என்றார் அப்பா. "சரிம்மா. போலாம்." எழுந்து கை கழுவப் போனார்.

வாக்கெடுப்பில் முதல்முறையாக நான் ஜெயித்திருந்தேன். பிள்ளைகள் எந்த அறை யாருக்கு என்று அப்போதே சண்டை பிடிக்க ஆரம்பித்தார்கள். என் மனைவி மேசைக்கு அளவு எடுக்கும் நாடாவைத் தேடினாள். அன்று நாங்கள் சந்தோஷமாகத்தான் தூங்கினோம்.

மறுநாளிலிருந்து அப்பா குறை சொல்வதை நிறுத்திவிட்டார்.

முதலில் நான் கவனிக்கவில்லை. பருப்பு வேகாமல் இருந்தது, பேசாமல் சாப்பிட்டார். குழாய் ஒழுகியது, பார்த்துக்கொண்டே கடந்து போனார். வீட்டில் எல்லோருக்கும் முன்னால் தன் சாமான்களைப் பெட்டியில் கட்டி, கயிறு போட்டு, சுவரோரமாக வைத்துவிட்டார். ஸ்போக் முடுக்கும் சாவியைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டார் என்று கீழே போனபோது தெரிந்தது. "வேணாம்னு சொன்னேன், கையில திணிச்சிட்டுப் போயிட்டாரு," என்றார் கடைக்காரர்.

எனக்குக் கோபம் வந்தது. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அது எங்களுக்குப் பழக்கம். இப்படி வாயை மூடிக்கொண்டு நல்ல பிள்ளையாக இருந்தால் நான் யாரோடு மல்லுக்கு நிற்பது? "உங்கப்பா ஏதோ கோவிச்சுக்கிட்டிருக்காரு," என்றாள் என் மனைவி. "கோவமா இருந்தா வாயத் தொறக்கட்டும்," என்றேன் நான். அப்பா சின்ன விஷயத்துக்கு ஊரைக் கூட்டுவார், பெரிய விஷயத்தை விழுங்கிவிடுவார் என்பது மகனான எனக்குத் தெரியாததல்ல. ஜெயித்த மயக்கத்தில் மறந்துபோயிருந்தேன்.

அந்தச் சமயத்தில் அலுவலகத்திலிருந்து அச்சுப் பிழை பார்க்கப் பழைய பக்கங்கள் திரும்பி வந்தன. ஒரு காலையில் சின்னவளுக்குத் தலை வாரிக்கொண்டே என் மனைவி வாசித்தாள்.

"பெரும்பான்மை. பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரே பக்கம் நிற்பது. அவர்கள் எடுக்கும் முடிவே எல்லோருக்கும் முடிவு."

முதல்முறை எழுதியபோது அந்தச் சொல் ஒரே வீச்சில் தேறியிருந்தது. இப்போதும் சின்னவள் "அப்படின்னா?" என்று கேட்கவில்லை. பின்னலை அம்மா கையிலிருந்து இழுத்துக்கொண்டு திரும்பினாள்.

"அப்போ தாத்தா என்ன பண்ணணும்?"

என் மனைவி சீப்பைக் கீழே வைத்துவிட்டாள். பாதிப் பின்னலோடு பிள்ளை அப்படியே நிற்க, எழுந்து அடுத்த அறைக்குப் போனாள். கட்டிவைத்த பெட்டியின் மேல் அப்பா உட்கார்ந்திருந்தார். கடைக்குப் போகவேண்டிய நேரம் அது. நான் பணிக்குக் கிளம்பி, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"மாமா, ஏன் கறுப்பு போட்டீங்க?"

"ரகசிய வாக்கெடுப்புன்னு நீதானே சொன்ன."

"ரகசியம்தான். கேக்குறது என் ஆசை. சொல்றதும் சொல்லாததும் உங்க உரிமை."

அப்பா தன் கையைப் பார்த்தார். கிரீஸ் இல்லாமல் வெளுத்துக் கிடந்தது.

"அந்த வீடு நல்லாத்தாம்மா இருக்கு. உனக்கு மேசை வேணும். பிள்ளைங்க வளருது. நான் வேற என்ன சொல்ல முடியும்? ஆனா இங்க கண்ண முழிச்சா நான் போறதுக்கு ஒரு இடம் இருக்கு. ஒருத்தன் வீல் கோணிப் போச்சும்பான், ஒருத்தன் வந்து வம்பளப்பான். அங்க வந்தா? ஜன்னல்ல நின்னு இவன் ஓட்டுற பஸ்ஸ வேடிக்கை பாக்கணும். அதையும் ஒழுங்கா ஓட்ட மாட்டான்."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே," என்றேன் நான், வாசலிலிருந்தே.

"எங்கடா சொல்றது? சாப்பிட்டு முடிச்சோம், டப்பாவ வச்சீங்க, போட்டோம், கொட்டினீங்க. பேசுறதுக்கு எவன் நேரம் குடுத்தான்?"

என் மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் லேசில் அழுகிறவள் இல்லை. மாமனாருக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்தாள்.

"என் தப்பு மாமா. ஓட்டுப் போடுறதுக்கு முன்னாடி எல்லாரும் பேசணும். சபையில அதுக்குத்தான் விவாதம்னு ஒண்ணு வச்சிருக்காங்க. அது அடுத்த கட்டுல வரவேண்டிய சொல்லு. அந்தக் கட்டு இன்னும் வரல. வந்த வரைக்கும் வச்சு நம்ம வீட்ட நடத்திட்டேன்."

அப்பா அவளைப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "வாத்தியாருக்குக் காய்ச்சல் வந்தா எங்க வீட்டுல பேச்சு நின்னுபோகுமா?" என்றார். அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

அன்று நான் பணிக்குத் தாமதமாகத்தான் போனேன். திட்டு வாங்கினேன்.

இரவு எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். மறுபடி பொத்தான் போடலாம் என்றாள் என் மனைவி. மேசை இல்லாமலே இத்தனை வருஷம் எழுதியாயிற்று, இன்னும் எழுதலாம் என்றாள். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை.

"தோத்தவன் மூஞ்சியத் தூக்கினா மறுபடி போடுறதா? அப்புறம் அந்த டப்பாவுக்கு என்ன மரியாதை? போறது போறதுதான். எப்படிப் போறோம்னு மட்டும் பேசுவோம்."

பேசினோம். பிள்ளைகளும் பேசினார்கள். ஜன்னல் உள்ள முன்னறை தாத்தாவுக்கு என்று பெரியவள் விட்டுக்கொடுத்தாள், அது உரிமையா சலுகையா என்று யாரும் கேட்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஆனால் அப்பாவுக்கு வேண்டியது அறை இல்லை, காலையில் போக ஓர் இடம். யோசித்துப் பார்த்தால் அது என் கையிலேயே இருந்தது. என் வழித்தடம் முனையத்தில் கிளம்பி, எங்கள் பழைய தெரு வழியாகத்தான் போகிறது. காலையில் முதல் நடையில் என்னோடு ஏறினால் கடை வாசலில் இறங்கலாம். மதியம் திரும்பும் நடையில் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். இத்தனை நாள் இது எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

"மகன் வண்டின்னு ஓசியில வர மாட்டேன்," என்றார் அப்பா. "டிக்கெட் எடுத்துட்டுத்தான் ஏறுவேன். அப்பத்தான் குறை சொல்ல முடியும்."

குடி போனோம். என் மனைவிக்கு மேசை வந்தது. முதல் நாள் அதில் உட்கார்ந்தவளுக்கு எழுத வரவில்லை. நின்றுகொண்டு எழுதியே பழகிவிட்டதாம். கொஞ்ச நாள் மேசைக்குப் பக்கத்தில் நின்று, குனிந்து எழுதினாள். கதவை மூடிக்கொள்ளவும் இல்லை.

அந்த மேசையில் அவள் திருத்திய முதல் சொல் பெரும்பான்மை. "அவர்கள் எடுக்கும் முடிவே எல்லோருக்கும் முடிவு" என்பதை அடித்துவிட்டு, அங்கே வேறொரு வாக்கியம் எழுதினாள்: "தோற்றவர்களும் அதே நாட்டில்தான் இருக்கிறார்கள், முடிவெடுக்கும் முன் அவர்களையும் கேட்க வேண்டும்." அது மூன்றாவது வரிக்கு ஓடியது. பதிப்பாசிரியர் முடியாது என்றார். ஒரு சொல்லுக்கு மூன்று வரி கொடுத்தால் எல்லாச் சொல்லும் கேட்கும் என்றார். பேராசிரியரும் தொலைபேசியில் இழுத்தார்.

"இது பொருள் இல்லம்மா, அறிவுரை. ரெண்டும் வேற வேற."

"ஐயா, முதல் வாக்கியத்த மட்டும் வச்சுக்கிட்டா என்ன ஆகும்னு எங்க வீட்டுல பாத்துட்டேன்," என்று ஆரம்பித்து, டப்பா, பொத்தான், கட்டிவைத்த பெட்டி எல்லாவற்றையும் சொன்னாள். தன் காய்ச்சலும் கதையில் வருகிறது என்றதும் அவர் இருமினார். இணைப்பு துண்டாகிவிட்டதோ என்று இவள் கருவியைத் தட்டிப் பார்த்தாள்.

"தோற்றவர்கள்னு போடாதீங்க," என்றார் கடைசியில். "வேற மாதிரி நினைக்கிறது தோல்வி இல்ல. மறுபக்கம் நின்றவர்கள்னு போடுங்க. பதிப்பாசிரியர்கிட்ட நான் பேசுறேன்."

வழக்கத்துக்கு மாறாக, இந்தத் திருத்தத்துக்கு அவள் முகம் தொங்கவில்லை. பக்கத்திலிருந்த வாக்குப்பெட்டிப் படத்தைச் சுருக்கி மூன்றாவது வரிக்கு இடம் பிடித்தார்கள்.

புத்தகம் அச்சாகி வந்த மறுநாள் காலை, முதல் நடையில் என் மனைவியும் ஏறினாள். பழைய தெருவைத் தாண்டி ஓர் அச்சகத்தில் அவளுக்கு வேலை இருந்தது. அப்பா எனக்குப் பின்னால், முதல் இருக்கையில். சட்டைப் பையில் ஸ்போக் சாவி. இவர் வண்டியில் போய் இறங்கிய முதல் நாளே கடைக்காரர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். முனையத்தைத் தாண்டும் முன்பே எதிர்க்கட்சி கூடிவிட்டது.

"கிளட்ச்ச மிதிக்கிறானா, எலிய மிதிக்கிறானா தெரியல. ஏம்ப்பா, அந்த ஓரத்துல பள்ளம் இருக்கிறது கண்ணுல படலையா?"

ஓட்டுநருடன் பேசக் கூடாது என்று என் தலைக்கு மேல் எழுதியிருக்கிறது. அவர் அதைத் தினமும் படித்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். அவர் குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருக்கும்வரை எனக்கு நிம்மதி.

அன்று பாதி வழியில் குரல் நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். என் மனைவி கொடுத்த புத்தகத்தில் சொற்பொருள் பக்கத்தைப் பிரித்து, கையை நீட்டித் தள்ளி வைத்து, உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்து மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"இந்த ரெண்டாவது வாக்கியம், என்னப் பத்தி எழுதினதுதானே?"

"இல்ல மாமா," என்றாள் என் மனைவி. "பொதுவா எல்லாருக்கும் எழுதினது."

அப்பா புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். வண்டி எங்கள் பழைய தெருவுக்குள் திரும்பியது. கடையைத் திறந்து, ஒரு சக்கரத்தைக் கவிழ்த்துப் போட்டு, கடைக்காரர் இவருக்காகக் காத்திருப்பது தூரத்திலேயே தெரிந்தது.

"பொதுன்னா, அதுல நானும் இருக்கேன்ல?" என்றார்.

"இருக்கீங்க மாமா."

"அது போதும்," என்று எழுந்தவர், என் தோளைத் தட்டி, "நிறுத்தத்துல நிறுத்து, தள்ளிப் போய் நிறுத்தாதே," என்றார்.